எல்லாமே பச்சை, ஆனா மூணு ரெக்கார்டைக் காணோம்

லாக்ல ஒரு எரர் கூட இல்ல. அனுப்புனது 41,204, கெடைச்சுதுன்னு சர்வர்ல இருந்து பதில் வந்தது 41,204, டாஷ்போர்டு பூரா பச்சை. ஆனா குடோன் மெஷின்ல, அதைத்தான் நோடுன்னு சொல்றோம், டேபிளை எண்ணிப் பாத்தா 41,207. அந்த மூணு எங்க போச்சுன்னு தேடிப் போன கதைதான் இது. தேடப் போன எடத்துல வேற சில ஓட்டையும் கெடைச்சுது, அதுங்களும் நடுவுல வரும்.

அமைப்பு என்னன்னு மொதல்ல சொல்லிடுறேன். பல குடோன், ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன மெஷின், அதுல சொந்தமா ஒரு டேட்டாபேஸ். நெட் இருந்தாலும் இல்லாட்டியும் உள்ள வேலை நிக்கக்கூடாது, சரக்கு வரும் போகும், ஸ்கேனர்ல அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, நெட் வந்ததும் நடு சர்வரோட சிங்க் ஆகணும், அதாவது ரெண்டு பக்க டேட்டாவும் ஒண்ணாகணும், சர்வர்ல மாத்துனது கீழயும் வரணும். "இதுல என்ன இருக்கு, புதுசா வந்ததை அனுப்ப வேண்டியது, பதில் வந்தா டிக் அடிக்க வேண்டியது"ன்னு மீட்டிங்ல சொன்னது நான்தான். ரெண்டு வாரம்னு எஸ்டிமேட் வேற குடுத்தேன். ஆழம் தெரியாம காலை விட்டதுன்னா அதுதான்.

மொதல் அடி டூப்ளிகேட்ல விழுந்துச்சு. நோடு ஒரு பேட்ச், அதாவது ஒரு கட்டு ரெக்கார்டு, அனுப்புது, சர்வர் வாங்கி எழுதிடுது, பதில் திரும்பி வர்ற வழியில நெட் போயிடுது. நோடு பக்கத்துல இருந்து பாத்தா இதுக்கும், பேட்ச் போய்ச் சேரவே இல்லங்கறதுக்கும் வித்தியாசமே தெரியாது, ரெண்டும் வெறும் டைம்அவுட்தான். இது நம்ம கோடோட குறை கெடையாது, 1975லயே பேப்பர்ல எழுதிட்டாங்க, 1978ல ஜிம் கிரேங்கற டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர் அதை ரெண்டு தளபதி கதையா சொல்லிப் பிரபலமாக்குனாரு. ரெண்டு மலையில ரெண்டு படை, நடுப் பள்ளத்தாக்குல எதிரி, ஒரே நேரத்துல பாஞ்சாதான் ஜெயிக்க முடியும், தூதன் வழியில மாட்டிக்கலாம். எத்தனை தூது விட்டாலும் கடைசியா விட்ட தூது போய்ச் சேந்துச்சாங்கற சந்தேகம் மட்டும் தீரவே தீராது.

அதனால நோடுக்கு ரெண்டே வழி. திரும்ப அனுப்பாம விட்டா சிலது தொலையும், திரும்ப அனுப்புனா சிலது ரெண்டு தடவை போகும். தொலையுறதை விட ரெண்டு தடவை போறது தேவல, ஏன்னா ரெண்டாவதை வாங்குற பக்கம் தூக்கிப் போட்டுடலாம். கரெக்டா ஒரே ஒரு தடவை டெலிவரின்னு விக்கிறவங்களும் உள்ள பாத்தா இதையேதான் பண்றாங்க.

இதுல நான் பண்ண தப்பைச் சொல்றேன். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு ஐடி போட்டு, சர்வர் "இதை ஏற்கனவே பாத்தேனா"ன்னு செக் பண்ற மாதிரி எழுதினேன், ஆனா அந்த ஐடியை அனுப்புற நேரத்துல உருவாக்கினேன். ரீட்ரை ஆகும்போது, அதாவது திரும்ப அனுப்பும்போது, அதே மாத்தத்துக்குப் புது ஐடி, சர்வருக்கு அது புது ஆள், உள்ள விட்டுடுச்சு. ஐடி அனுப்பும்போது பொறக்கக்கூடாது, ஸ்கேனர் பீப் அடிச்ச அந்த நொடியே பொறந்து டிஸ்க்குல உக்காந்துடணும், அப்புறம் நூறு தடவை அனுப்பினாலும் அதே பேர்தான். சர்வர் பக்கமும் அப்படித்தான், "பாத்தேன்"னு குறிச்சு வைக்கிறதும் ஸ்டாக்கை மாத்துறதும் ஒரே டிரான்சாக்ஷன்ல இருக்கணும், அதாவது நடந்தா ரெண்டும் நடக்கணும், இல்லன்னா ரெண்டும் நடக்கக்கூடாது. தனித்தனியா வச்சா நடுவுல கரண்ட் போகும், குறிப்பு இருக்கும் மாத்தம் இருக்காது, இல்லன்னா மாத்தம் இருக்கும் குறிப்பு இருக்காது.

இன்னொண்ணு, பதில் எப்ப அனுப்புறதுங்கறது. நெட்ல டேட்டாவைக் கொண்டு போற டிசிபி நம்பகமானதுதானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நானும் நினைச்சவன்தான். டிசிபி சொல்ற "கெடைச்சுது"க்கு அர்த்தம் அந்தப் பக்கத்து கெர்னலோட (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள்பகுதி) பஃபர், அதாவது மெமரில இருக்கற தற்காலிக எடம் வரைக்கும் வந்துச்சுன்னு மட்டும்தான். அதுக்கப்புறம் அப்ளிகேஷன் க்ராஷ் ஆனா டிசிபிக்கு என்ன தெரியும். டிஸ்க்குல கமிட் ஆன, அதாவது நிலையா எழுதி முடிச்ச பின்னாடி அப்ளிகேஷனே சொல்ற பதில்தான் பதில்.

இதெல்லாம் சரி பண்ணியும் அந்த மூணு கெடைக்கல. டூப்ளிகேட்டா இருந்தா கூட வந்திருக்கணும், இங்க கொறையுது. நெட்வொர்க்கைத் திட்டினோம், ஃபயர்வாலைத் திட்டினோம், பாக்கெட்டைப் புடிச்சு ரெண்டு நாள் பாத்தோம். போன பாக்கெட் எல்லாம் ஒழுங்காத்தான் போயிருந்துச்சு. அந்த மூணையும் நோடு அனுப்பவே இல்லைங்கறது எங்களுக்கு அப்பதான் உறைச்சுது.

கொஞ்சம் மெதுவா சொல்றேன், ஏன்னா இந்த ஓட்டை பாதி சிங்க் கோடுல இன்னைக்கும் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். எங்க நோடு புதுசு எதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சுது? டேபிள்ல ஏறுவரிசையில ஒரு நம்பர், "கடைசியா 1000 வரை அனுப்பிட்டேன், அதுக்கு மேல இருக்கறதைக் குடு". பாக்க எந்தத் தப்பும் தெரியாது. இப்ப ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதுறாங்கன்னு வைங்க. ஒருத்தர் பெரிய லோடு இறக்குறாரு, அவரோட டிரான்சாக்ஷனுக்கு 1001, 1002, 1003 கெடைக்குது, ஆனா இன்னும் ஸ்கேன் பண்ணிக்கிட்டே இருக்காரு, கமிட் ஆகல. இன்னொருத்தர் ஒரே ஒரு பெட்டி, 1004 வாங்கி உடனே கமிட் பண்ணிட்டாரு. அந்த நேரம் பாத்து சிங்க் ஜாப் முழிக்குது, 1000க்கு மேல என்னன்னு கேக்குது, கண்ணுக்குத் தெரியறது 1004 மட்டும். அதை அனுப்பிட்டு "1004 வரை முடிஞ்சுது"ன்னு எழுதி வச்சுட்டுத் தூங்கப் போயிடுது. அஞ்சு செகண்ட் கழிச்சு மொத ஆளு கமிட் பண்றாரு. 1001, 1002, 1003 மூணும் இப்ப டேபிள்ல இருக்கு, ஆனா சிங்க் ஜாப் இனிமே 1004க்குக் கீழ எட்டிக்கூடப் பாக்காது. எரர் இல்ல, வார்னிங் இல்ல, ஆளும் இல்ல.

சரி, நம்பர் வரிசைக்கு நடுவுல ஓட்டை இருந்தா அது நிறையுற வரைக்கும் காத்திருக்கலாமேன்னு தோணும். முடியாது. போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ்ல சீக்வென்ஸ், அதாவது தானா ஏறுற நம்பர், ஒரு தடவை குடுத்தா குடுத்ததுதான், டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனாலும், அதாவது பாதியில ரத்தானாலும், நம்பர் திரும்பி வராது. அதனால ஒரு ஓட்டையைப் பாத்து இது இன்னும் வரப்போறதா, இல்ல எப்பவுமே வராததான்னு சொல்லவே முடியாது. நேரத்தை வச்சு, கடைசியா மாத்துன நேரம் இதுக்கு மேலன்னு கேட்டாலும் கதை இதேதான், அந்த நேரம் டிரான்சாக்ஷன் ஆரம்பிக்கும்போது போட்டதா இருக்கும், வெளிய தெரியறது கமிட் ஆகும்போது.

டேட்டாபேஸ் தன்னோட மாத்தத்தை எல்லாம் குறிச்சு வைக்கிற லாக்கையே படிச்சா கமிட் ஆன வரிசையிலயே வரும், அது ஒரு நல்ல வழி. நாங்க எடுத்தது அதைவிடப் பாமரமான வழி. அனுப்ப வேண்டியதை வரிசையா வைக்க அவுட்பாக்ஸ்னு ஒரு தனி டேபிள், அதோட நம்பரை சீக்வென்ஸ்ல இருந்து எடுக்காம ஒரு சாதாரண ரோவுல எண்ணா வச்சோம், டிரான்சாக்ஷன் முடியப்போற நேரத்துல அந்த ரோவைப் பூட்டி, எண்ணைக் கூட்டி, அதே டிரான்சாக்ஷன்ல கமிட். பூட்டு இருக்கறதால அடுத்த ஆள் காத்திருப்பான், ரோல்பேக் ஆனா எண்ணும் பின்னாடி போயிடும், ஓட்டையே விழாது. வேகம் கொறையும்தான், ஒரு குடோன்ல பத்து ஸ்கேனர் அடிக்கிற வேகத்துக்கு அது ஒரு விஷயமே இல்ல. கூடவே ஒரு லாபம், அந்த வரிசை நம்பரையே ஐடியாவும் ஆக்கிட்டோம், நோடு பேரும் நம்பரும். சர்வர் இப்ப பாத்த ஐடியை எல்லாம் லட்சக்கணக்குல சேத்து வைக்க வேண்டாம், நோடுக்கு ஒரு எண், "உங்கிட்ட இருந்து 5012 வரை வாங்கிட்டேன்", அவ்வளவுதான்.

மூணு ரெக்கார்டு மர்மம் இதோட முடிஞ்சுது. ஆனா எனக்கு மனசுல உறுத்துனது வேற. இதை நாங்க கண்டுபுடிச்சது யாரோ ஒருத்தர் சந்தேகப்பட்டு ரெண்டு பக்கமும் எண்ணிப் பாத்ததால. எண்ணாம இருந்திருந்தா? புரோட்டோகால் தன்னால முடிஞ்ச வரைக்கும் தன்னைத்தானே சரின்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அனுப்புனேன், வாங்கினேன், அனுப்புனேன், வாங்கினேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு எங்கயுமே கேக்கல.

அதனால ஒப்பிடுற வேலையையே புரோட்டோகாலுக்குள்ள கொண்டு வந்தோம். இது நம்ம கண்டுபுடிப்பு இல்ல, 1987ல செராக்ஸ் கம்பெனியோட பார்க்ங்கற ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் தங்களோட பெயர் டேபிளை நூத்துக்கணக்கான மெஷின்ல ஒண்ணா வச்சுக்க இதைத்தான் பண்ணாங்க, தொத்துநோய் பரவுற மாதிரி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு சேதி பரவும், அதுல விட்டுப்போனதை அப்பப்ப ரெண்டு மெஷின் முழுசா ஒப்பிட்டுச் சரி பண்ணிக்கும். ஆனா பத்து லட்சம் ரெக்கார்டை தினமும் அனுப்பி ஒப்பிட முடியுமா, அதுக்கு ஹேஷ், அதாவது டேட்டாவோட ஒரு சின்ன கைரேகை, ஒரு எழுத்து மாறினாலும் இதுவும் மாறிடும். கீயை (ரெக்கார்டோட தனி அடையாளம்) வச்சு எல்லா ரெக்கார்டையும் 256 கூடையாப் பிரிச்சுக்குறோம், கூடைக்கு ஒரு ஹேஷ், 32 பைட். மொத்தம் 8 கேபி. ரெண்டு பக்கமும் இதை மட்டும் மாத்திக்கிட்டா எந்தக் கூடை ஒத்து வரலைன்னு தெரிஞ்சுடும். அந்தக் கூடையை மட்டும் திரும்ப 256 ஆப் பிரிச்சு இன்னொரு 8 கேபி. இப்ப கையில இருக்கறது சுமார் 15 ரெக்கார்டு, அதை நேரா அனுப்பிப் பாத்துக்கலாம். ரெண்டு ரவுண்டுல பத்து லட்சத்துல ஒண்ணைப் புடிச்சாச்சு. ரால்ஃப் மெர்க்கிள்ங்கற கிரிப்டோகிராஃபி ஆள் 1979ல சொன்ன ஹேஷ் மரத்தோட குட்டை வெர்ஷன்தான் இது.

ஆன் பண்ணோம், மொத ராத்திரியே 214 வித்தியாசம். ஆடிப் போயிட்டேன். எடுத்துப் பாத்தா அதுல 212க்கு ரெண்டு பக்கமும் ரெக்கார்டு இருக்கு, ஒரே எழுத்து, ஒரே நம்பர், கண்ணு ரெண்டையும் கசக்கிட்டுப் பாத்தாலும் ஒண்ணுதான், ஆனா ஹேஷ் வேற. விஷயம் என்னன்னா பொருளோட பேர் தமிழ்ல இருந்துச்சு. "கொ"ன்னு எழுதும்போது யூனிகோடுல க பக்கத்துல ஒகரக் குறியை ஒரே குறியாப் போடலாம், இல்லன்னா கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாப் போடலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான், பைட்டுல வேற வேற. ஒரு கீபோர்டு ஒரு மாதிரி அடிக்குது, நடுவுல ஒரு லைப்ரரி அதை நைஸா இன்னொரு மாதிரி மாத்திடுது. ஹேஷ் போடுறதுக்கு முன்னாடி ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் பண்ணணும், ஜேசான்ல (டேட்டாவை எழுதுற ஒரு ஃபார்மட்) கீ வரிசை ஒண்ணா இருக்கணும், 1.0ம் 1ம் ஒண்ணா வேறயான்னு முடிவு பண்ணியிருக்கணும். இந்த மாதிரி சில்லறை விஷயத்துக்கே ஒரு வாரம் போச்சு, என்னோட ரெண்டு வார எஸ்டிமேட் எல்லாம் அப்ப எங்கயோ போயிடுச்சு.

212 போக மீதி ரெண்டு நிஜ வித்தியாசம். அது ரெண்டும் க்ளாக் பண்ண வேலை.

ஒரே ரெக்கார்டை ரெண்டு பக்கமும் மாத்திட்டா எது ஜெயிக்கும்னு கேட்டதுக்கு நாங்க எழுதி வச்சிருந்தது, கடைசியா மாத்துனது ஜெயிக்கும். கடைசின்னு யாரு சொல்றது? மெஷினோட கடிகாரம். எங்க குடோன் மெஷின் சின்ன போர்டு, அதுல பேட்டரி வச்ச க்ளாக்கே கெடையாது, கரண்ட் போய் வந்தா கடைசியா டிஸ்க்குல குறிச்சு வச்ச நேரத்துல இருந்து எண்ண ஆரம்பிக்கும், நெட் வந்து நேரத்தை வாங்குற வரைக்கும் அது வாழுறது வேற காலத்துல. சாயங்காலம் போட்ட திருத்தம் காலைல போட்டதா பதிவாகி, உண்மையிலேயே காலைல போட்டதுகிட்ட தோத்துப் போச்சு. திருத்துனவர் "நான் மாத்துனேனே, மாத்துனேனே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, நாங்க அவரை நம்பல. அதுக்கு இன்னும் கூச்சமா இருக்கு.

நேரத்தை நம்பாதேன்னு லெஸ்லி லாம்போர்ட்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1978லயே சொல்லிட்டாரு, அதுக்கு அவர் வச்ச மாற்று வெறும் எண்ணிக்கை, ஒவ்வொரு வேலைக்கும் ஒண்ணு கூட்டு, மெசேஜ் வந்தா ரெண்டுல பெருசை எடுத்து அதோட ஒண்ணு கூட்டு. அதுல வரிசை கெடைக்கும், ஆனா ஒருத்தர் மாத்துனது இன்னொருத்தருக்குத் தெரியாமலே நடந்துச்சாங்கறது கெடைக்காது. எங்களுக்கு வேண்டியது அதுதான், அதுக்கு நோடுக்கு ஒரு எண்ணா வச்சுக்கணும். ரெக்கார்டோட ஒரு காப்பியில குடோனோட எண் 3, சர்வரோட எண் 2ன்னு இருக்கு, இன்னொரு காப்பியில குடோன் 3, சர்வர் 3. ரெண்டாவது மொதலை முழுசா பாத்துட்டு வந்தது, கண்ணை மூடிக்கிட்டு அதை எடுத்துக்கலாம். இதுவே ஒண்ணுல 4, 2 இன்னொண்ணுல 3, 3ன்னு இருந்தா யாரும் யாரையும் பாக்கல, நிஜமான மோதல். கடிகாரம் இருந்திருந்தா இதுலயும் யாரையோ ஒருத்தரை ஜெயிக்க வச்சு இன்னொருத்தரைச் சத்தமில்லாமக் குழி தோண்டிப் பொதைச்சிருக்கும்.

மோதல்னு தெரிஞ்சா என்ன பண்றதுங்கறது புரோட்டோகால் கேள்வி இல்ல, அந்த டேட்டாவுக்கு என்ன அர்த்தம்ங்கற கேள்வி. ஸ்டாக் எண்ணிக்கைக்கு நாங்க "95ன்னு வை"ங்கற மாதிரி மெசேஜையே தூக்கிட்டோம், "5 கொறை"ன்னு மட்டும்தான் போகும், ரெண்டு பக்கமும் கொறைச்சா ரெண்டையும் கொறைச்சுக்கலாம், சண்டையே வராது. (ஐடி இல்லாம இப்படிப் பண்ணிடாதீங்க, ரீட்ரைல அஞ்சு பத்தாகும்.) பேர், விலாசம் மாதிரி விஷயத்துக்கு ரெண்டையும் வச்சுக்கிட்டு மனுஷன்கிட்ட காட்டிடுறோம்.

டெலீட் தனி ரகம். ஒரு பக்கம் அழிச்சாச்சு, இன்னொரு பக்கம் இருக்கு. ஒப்பிடும்போது சிங்க்குக்கு என்ன தெரியும்? "உங்கிட்ட இல்ல, எங்கிட்ட இருக்கு, இந்தா வச்சுக்க"ன்னு குடுத்துடும், செத்தது எந்திரிச்சு உக்காந்துடும். அமேசானோட டைனமோங்கற டேட்டா சேமிப்பு அமைப்பைப் பத்தின பேப்பர் 2007ல வந்தப்பவே, கார்ட்டுல இருந்து நீக்குன பொருள் சில நேரம் திரும்ப வந்துடும்னு அவங்களே ஒத்துக்கிட்டு எழுதியிருந்தாங்க. அதனால அழிக்கிறதுன்னா இல்லாம ஆக்குறது இல்ல, "இது செத்துப்போச்சு"ன்னு ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. அந்த செராக்ஸ் ஆட்கள் அதுக்கு இறப்புச் சான்றிதழ்னே பேர் வச்சாங்க, இப்ப டூம்ப்ஸ்டோன் (கல்லறைக் கல்)ங்கறாங்க. குறிப்பை எத்தனை நாள் வைக்கிறதுங்கறதுலதான் வம்பு. கேசாண்ட்ராங்கற டேட்டாபேஸ்ல டீஃபால்ட்டா 8,64,000 செகண்ட், அதாவது 10 நாள். அதுக்கு மேல காணாமப் போயிருந்த நோடு திரும்பி வந்தா பழைய பொணமெல்லாம் அதோட சேந்து நடந்து வரும். நாங்க 90 நாள் வச்சோம், அதைத் தாண்டி வர்ற நோடை அப்படியே உள்ள விடறதில்ல, அது அனுப்பாம வச்சிருக்கற அவுட்பாக்ஸை மட்டும் தனியா வாங்கி ஆள் பாத்து ஏத்துறோம், மத்ததை அழிச்சுட்டு புதுசா முழு காப்பி எடுத்துக்கணும். கடுமைதான், ஆனா வேற வழி எனக்குத் தோணல.

செக்சம், அதாவது டேட்டா வழியில கெட்டுப்போச்சான்னு பாக்குறதுக்கான சின்ன எண், அதைப் பத்தி ஒரு வார்த்தை. 2008 ஜூலை 20ல அமேசானோட டேட்டா சேமிப்பு சேவையான எஸ்3 பல மணிநேரம் படுத்துச்சு. கஸ்டமரோட டேட்டாவுக்கு எல்லாம் செக்சம் வச்சிருந்தாங்க, ஆனா சர்வர்கள் தங்களுக்குள்ள "நான் நல்லா இருக்கேன், அவன் நல்லா இருக்கான்"னு பேசிக்கிற மெசேஜுக்கு வைக்கல. அதுல ஒரு பிட் மாறியும் மெசேஜ் படிக்கிற மாதிரியே இருந்துச்சு, தப்பான சேதி ஊர் பூரா பரவிடுச்சு. இதைப் படிச்சப்புறம் கனெக்ஷன் எடுத்ததும் ரெண்டு பக்கமும் பேசிக்கிற எங்க ஹேண்ட்ஷேக் மெசேஜுக்கும் செக்சம் போட்டோம், கூட்டத்துல "இது ஓவர் இல்லையா"ன்னு ஒருத்தர் கேட்டாரு, இந்தக் கதையை அனுப்பி வச்சேன், அதுக்கப்புறம் கேக்கல.

டெஸ்டிங்கை ரொம்ப லேட்டாதான் ஒழுங்கா ஆரம்பிச்சோம். நிஜ நெட்வொர்க்கை எடுத்துட்டு, மெசேஜைத் தொலைக்கிற, ரெண்டா அனுப்புற, வரிசை மாத்துற, நடுவுல நோடைக் கொல்ற ஒரு போலி நெட்வொர்க், எல்லா சகுனித்தனமும் ஒரே ஒரு ரேண்டம் சீடுல (ஆரம்ப எண்) இருந்து வர்ற மாதிரி. பெயில் ஆனா அதே சீடைக் குடுத்தா அதே பெயில் அப்படியே திரும்ப நடக்கும். ராத்திரி பூரா ஓட விட்டுட்டு காலைல வந்து பாப்போம்.

அது புடிச்சுக் குடுத்ததுலயே என்னை ரொம்ப நேரம் நாற்காலியோட கட்டிப் போட்டது இது. ஒரு நோடோட டிஸ்க் போயிடுது, நேத்து எடுத்த பேக்கப்ல இருந்து எழுப்புறாங்க. நேத்து அதோட அவுட்பாக்ஸ் எண் 4800, இன்னைக்கு சாகுறதுக்கு முன்னாடி சர்வருக்கு 5012 வரை அனுப்பியிருந்துச்சு. எழுந்த நோடுக்கு அது ஞாபகம் இல்ல, புது ஸ்கேனுக்கு 4801னு நம்பர் போட்டு அனுப்புது. சர்வர் பாக்குது, 4801 நான் ஏற்கனவே வாங்குனதாச்சே, டூப்ளிகேட், தூக்கிப் போட்டுட்டு "கெடைச்சுது"ன்னு சிரிச்ச முகமா பதில் சொல்லிடுது. டூப்ளிகேட்டைத் தடுக்க நான் ஆசையா எழுதுன அதே கோடு, 212 நிஜ ரெக்கார்டை ஒவ்வொண்ணா முழுங்குது. வேலியே பயிரை மேயுறதுங்கறாங்களே, அதை அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். (212ங்கற நம்பர் மேல எனக்கு என்ன ராசியோ தெரியல.)

இதுக்கு நோடு தன் பேரோட ஒரு பிறவி எண்ணும் சேத்துக்கணும், பேக்கப்ல இருந்து எழுந்தா புதுப் பிறவி, எண் திரும்ப 1ல இருந்து. ஆனா தான் செத்துப் பொழைச்சதே அதுக்கு எப்படித் தெரியும்? அதுவா தெரிஞ்சுக்க முடியாது, எதிர்ல இருக்கறவன்தான் சொல்லணும். அதனால இப்ப கனெக்ஷன் எடுத்ததும் டேட்டா எதுவும் பேசுறதுக்கு முன்னாடி நோடு கேக்குற மொதல் கேள்வி, "நான் உங்கிட்ட கடைசியா சொன்ன நம்பர் என்ன?" சர்வர் சொல்ற எண் தன்கிட்ட இருக்கறதை விடப் பெருசா இருந்தா, நோடு அங்கயே நின்னு, புதுப் பிறவி எடுத்து, தான் தொலைச்சதை எல்லாம் சர்வர்கிட்ட இருந்து இறக்கிக்கிட்டு, பழைய எண்ணுல அனுப்பாம வச்சிருக்கறதுக்கெல்லாம் புது எண் போட்டு அப்புறம்தான் வாயைத் திறக்கும். போன வாரம் இதை மெர்ஜ் பண்ணோம். அந்தப் போலி நெட்வொர்க் சிமுலேட்டர்ல அந்த சீடு இப்ப பாஸ் ஆகுது, வேற ஒரு சீடு நேத்து ராத்திரி சிவப்பாயிருக்கு, அதை இன்னும் தொறந்து பாக்கல.